பந்தல் இல்லாத முந்திரிகை

‘டிரை’ என்றால் சீனி இல்லாதது. திருகோணமலைக்குப் பக்கத்தில், நிலாவெளியில் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மனப்பாடம் செய்த பாடம் அது. இனிப்பு வேண்டுபவருக்கு ஒன்று, டிரை கேட்பவருக்கு வேறொன்று என்று மதுப்பட்டியலை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். அந்தப் பாடத்தை நம்பித்தான் 2018 ஆடி மாத இரவு ஒன்றில் நான் அசடு வழிந்தேன். கேப் டவுனிலிருந்து வந்திருந்த ஒரு வயோதிபத் தம்பதியினர் தங்கள் நாட்டுச் சிவப்பு வைன் ஒன்றைக் கையோடு கொண்டுவந்து, போத்தல் திறக்கும் கட்டணத்தைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் தக்கையை இழுத்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பெரியவர் லேபிளின் அடியிலிருந்த பொடி எழுத்து வரியைக் காட்டி, அதன் அர்த்தம் தெரியுமா என்று கேட்டார். வரியில் ‘டிரை’ என்ற சொல் கண்ணில் பட்டது. அடுத்த சொல்லைப் பார்க்கப் பொறுமையில்லை. “இனிப்பு இல்லாதது, ஐயா” என்றேன், சேர்ந்த நாளிலிருந்து பழகிய அதே புன்னகையோடு.

அவர் சிரித்தார். பரிகாசச் சிரிப்பு இல்லை, அதனால்தான் இன்னும் நினைவில் நிற்கிறது. ‘இது அந்த டிரை இல்லை, தண்ணீர் பாய்ச்சாமல் மழையை மட்டும் நம்பி வளர்த்த கொடி’ என்றார். பிறகு முழங்கையை மேசையில் ஊன்றி, உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினார். கம்பி கிடையாது, பந்தல் கிடையாது. கொடி இப்படித் தன் காலிலேயே நிற்கும். எங்கள் பக்கத்தில் இரண்டு தலைமுறையாக இப்படித்தான் நிற்கிறது என்றார். போத்தலில் கால்வாசி குறைந்த பிறகு ஒரு வசனம் சொன்னார்: “கொடி கஷ்டப்பட வேண்டும். கஷ்டப்பட்டால்தான் வைன் நன்றாக இருக்கும்.”

இந்தக் கட்டுரை அந்த ஒரு வசனத்தைப் பற்றியது. ஏழெட்டு ஆண்டுகளாக அது என்னைச் சும்மா விடவில்லை.

நான் கும்புறுப்பிட்டி வெங்காயக்காரரின் மகன். தண்ணீர் கட்டாத பயிருக்கு எங்களிடம் ஒரு சொல் இருக்கிறது, மானாவாரி. அது பெருமைக்குரிய சொல் இல்லை. சீதனக் காணியைப் பற்றிப் பேச்செழுந்தால் முதல் கேள்வியே ‘இறைப்புக் காணியா, மானாவாரியா’ என்பதுதான். பதில் மானாவாரி என்றால் கேட்டவரின் முகம் கொஞ்சம் சுருங்கும். கிணறும் இறைப்பு மெஷினும் உள்ளவன் விவசாயி, வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவன் பாவப்பட்டவன். அந்தச் சொல்லை ஒரு லேபிளில் அச்சிட்டு, அதற்காகக் கூடுதல் விலையும் வாங்கலாம் என்பது எனக்கு அன்று நம்ப முடியாத செய்தியாக இருந்தது. ‘தண்ணீர் கட்டவில்லை’ என்று பெட்டியில் எழுதித் தம்புள்ளைச் சந்தைக்கு வெங்காயம் அனுப்பினால் என்ன நடக்கும் என்று யோசித்து எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஆனால் வசனத்தை விடவில்லை. நல்ல வசனம் ஒன்று கிடைத்தால் பரிமாறுபவனுக்கு அது முதலீடு. எங்கள் பட்டியலிலும் தென்னாபிரிக்கச் சிவப்பு வைன் ஒன்று இருந்தது, பினோட்டாஜ், பந்தலில்லாக் கொடியிலிருந்து வந்தது. அதைக் கேட்பவர்களுக்கெல்லாம் கிண்ணத்தில் ஊற்றும்போதே முழங்கையை மடக்கி, விரல்களை விரித்து, “இந்தக் கொடி கஷ்டப்பட்டது” என்று சொல்லத் தொடங்கினேன். மேசையில் ஒரு கணம் மௌனம் வரும். பிறகு தலையாட்டுவார்கள். அந்த சீசன் முழுவதும் என் டிப்ஸ் பையில் அந்தக் கொடியின் கஷ்டம் கணிசமாகச் சேர்ந்தது.

கொழுகொம்பு வேண்டாத கொடி

முந்திரிகை என்று எங்கள் பக்கத்தில் சொல்வது திராட்சையைத்தான். தமிழகத்து வாசகர்கள் கஜுவை நினைத்துவிட வேண்டாம், அது எங்களுக்கு மரமுந்திரிகை. முந்திரிகை என்றதும் எங்கள் கண்ணுக்கு வருவது யாழ்ப்பாணத்துத் தோட்டம்: தலைக்கு மேல் கம்பிப் பந்தல், அடியில் கிணற்றுத் தண்ணீர், குலைகுலையாகத் தொங்கும் கரும்பழம். அங்கே கொடிக்குத் தூக்கமே கிடையாது. குளிர்காலம் இல்லாத ஊரில் அது இலையுதிர்த்து உறங்குவதில்லை. ஆள்தான் கத்தரித்துத் தளிர்க்க வைக்கிறான், கத்தரித்தால் காய்க்கிறது. கொடி என்றாலே கொழுகொம்பு வேண்டும் என்பது நம் தமிழ் மனதில் ஊறிய எண்ணம். பாரி தேரை விட்டுவிட்டு நடந்து போனது அதனால்தான். பந்தல் இல்லாத முந்திரிகையை அவன் கண்டிருந்தால் ஒரு தேர் மிச்சமாகியிருக்கும்.

விடுமுறை நாட்களில் கைபேசியில் தேடித்தேடி நான் தெரிந்துகொண்டது இது. செடி இளமையாக இருக்கும்போதே அதை உயர விடாமல் முழங்கால் அளவில் வெட்டி, மூன்று நான்கு கிளைகளை மட்டும் வட்டமாக விடுவார்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் அந்தக் கிளைகளின் நுனியில் இரண்டு கணு அளவுக்கு விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வெட்டித் தள்ளுவார்கள். முப்பது, நாற்பது ஆண்டுகளில் அடித்தண்டு மனிதக் காலின் பருமனுக்கு வந்துவிடும். கொடி அப்போது கொடியே இல்லை, குட்டை மரம். கோடையில் அதன் இலைகளே அதன் குலைகளுக்குக் குடை. பிரான்சின் தென்பகுதியில் ஷாத்தோநெஃப் து பாப் ஊரின் கிரெனாஷ் கொடிகள் இப்படி நிற்கின்றன. அவுஸ்திரேலியாவின் பரோசாவில் நூறு வயதைத் தாண்டியவை இருக்கின்றன. எனக்கு அதிகம் பிடித்தது சிசிலிக்கும் ஆபிரிக்காவுக்கும் நடுவில் கிடக்கும் பந்தெல்லேரியாத் தீவு. அங்கே காற்று ஓயாது. அதனால் ஒவ்வொரு கொடியையும் நிலத்தில் ஒரு குழி பறித்து, அந்தக் குழிக்குள் குந்த வைத்திருக்கிறார்கள்; காற்று தலைக்கு மேலே போய்விடும், ஈரம் குழியில் தங்கும். அந்தப் பயிர்முறையை யுனெஸ்கோ 2014இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாக அடிக்கும்போது வெங்காயத் தாள் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தக் குழியின் அருமை சொல்லாமலே விளங்கும்.

சிவப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். கரும்பழத்தை நசுக்கினால் வரும் சாறு ஏறத்தாழ நிறமற்றது. நிறமும் கயரும் தோலில் இருக்கின்றன. தோலோடு சேர்த்துப் புளிக்க விடுவதால்தான் சிவப்பாகிறது. தண்ணீர் குறைந்தால் பழம் சிறுக்கும். சிறுத்தால் சாற்றுக்குத் தோலின் பங்கு கூடும். நிறமும் கயரும் மணமும் அடர்த்தியாகும். பெரியவர் சொன்ன ‘கஷ்டம்’ என்பதன் பின்னாலிருந்த கணக்கு இவ்வளவுதான்.

2022

அதன் பிறகு நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2019 சித்திரையில் குண்டுகள் வெடித்தன, விருந்தினர் வரவில்லை. பிறகு கொரோனா. பிறகு 2022இன் பொருளாதார நெருக்கடி. ஹோட்டலில் ஆட்களைக் குறைத்தபோது நான் கும்புறுப்பிட்டிக்குத் திரும்பி அப்பாவோடு தோட்டத்தில் நின்றேன்.

வெங்காயம் வைத்து மூன்றாவது வாரத்தில் மண்ணெண்ணெய் நின்றுபோனது. மெஷின் கிணற்றடியில் சாக்கு மூடிக் கிடந்தது. அதற்கு முன்பெல்லாம் நாங்கள் இரண்டு, மூன்று நாளுக்கொரு முறை இறைப்போம். நான் வாய்க்கால் மாறுவேன், அப்பா மெஷினைப் பார்ப்பார். எங்கள் மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. காலையில் கட்டினால் மறுநாள் மாலைக்குள் மேல்மண் வெளுத்துவிடும். அந்த ஆனி மாதத்தில் வாளியால் அள்ளி ஊற்றினோம். அம்மா, நான், அப்பா மூன்று பேர், கால் ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான பாத்திகள். ஒரு சுற்று முடிய எட்டு, ஒன்பது நாள் ஆகும். முதல் பாத்திக்குத் திரும்பி வரும்போது அது பழையபடி வெளுத்திருக்கும். அவ்வளவு நாளுக்கொரு முறைதான் ஒரு பாத்தி தண்ணீர் கண்டது. வரிசையில் நின்று எங்கேயாவது கொஞ்சம் மண்ணெண்ணெய் வாங்கினாலும் அது ஒரு இறைப்புக்குப் போதாது. ஆவணி பிறந்து சில நாளில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏற்றினார்கள். அதற்குள் எங்கள் வெங்காயம் கிளறி எடுக்கப்பட்டுவிட்டது.

கிளறியபோது குமிழ்கள் சுண்டைக்காயை விடக் கொஞ்சம் பெரியவையாக இருந்தன. பிடி கட்டும்போது அம்மாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தபடியே இருந்தது. அழுகையும் இருந்திருக்கலாம், ஆனால் முதற் காரணம் காரம். தண்ணீர் குறைந்த வெங்காயம் சிறுக்கும், காரம் ஏறும். அந்தக் காரத்தோடு தாளித்த குழம்பின் வாசம் மூன்றாம் வீட்டுக்குப் போனது. அப்படியொரு வெங்காயத்தை நான் அதற்கு முன் தின்றதில்லை. கொள்ள வந்த வியாபாரி ஒரு பிடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “பொடி” என்ற ஒரே சொல்லில் விலையைக் கிட்டத்தட்டப் பாதியாக்கினார். அவரைக் குறை சொல்லவில்லை, உரிக்கிறவருக்குப் பொடி வெங்காயம் தொல்லைதான்.

அடுத்த ஆண்டு சீசனுக்கு ஹோட்டலில் மறுபடியும் கூப்பிட்டார்கள். ஒரு மாலை, இளம் தம்பதியினர் அதே பினோட்டாஜைக் கேட்டார்கள். ஊற்றினேன். முழங்கை தானாக மடங்கியது, விரல்கள் விரிந்தன. “இந்தக் கொடி...” என்று தொடங்கினேன். அடுத்த சொல் வரவில்லை. அவர்கள் காத்திருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியோடு குனிந்த அப்பாவின் முதுகு கண்ணுக்குள் நின்றது என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் உண்மையில் எனக்கு நினைவு வந்தது ‘பொடி’ என்ற அந்தச் சொல்தான். “இந்தக் கொடி நல்ல கொடி” என்று வாக்கியத்தை எப்படியோ முடித்துவிட்டுச் சமையலறைப் பக்கம் போய்விட்டேன். டிப்ஸ் வழமைபோல்தான் வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்பாவின் கேள்விகள்

அந்த ஆவணியிலேயே இன்னொரு மேசையில், சொந்தமாகக் கொண்டுவந்த போத்தலைத் திறந்துவிட்டு இரண்டு கிண்ணத்தோடு நிறுத்தினார்கள். வெயில் தலைக்கேறி அந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. மறுநாள் விடியற்காலையில் புறப்பாடு. மிச்சத்தை நீயே கொண்டுபோ என்றார்கள். லேபிளைப் பார்த்தேன். ஊர் ஸ்வார்ட்லாண்ட், அதுவும் தென்னாபிரிக்காதான்; பழவகை சின்சோ; அடியில் அதே பொடி வரி: தண்ணீர் பாய்ச்சாத பந்தலில்லாக் கொடி. மறுநாள் போயா, மதுச்சாலைக்குப் பூட்டு, எனக்கு விடுமுறை. தக்கையை இறுக்கி, பத்திரிகைத் தாளில் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

அப்பா கள்ளுக் குடித்துப் பழகிய மனிதர். வீட்டில் கிண்ணம் கிடையாது, தேநீர்க் குவளையில் ஊற்றினேன். முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சின்சோ அடர் நிறம் கொண்டதில்லை. செம்பரத்தம்பூ ஊறிய தண்ணீர் மாதிரி இருந்தது. ஒரு வாய் குடித்து, அதை நாக்கில் வைத்திருந்து விழுங்கினார். “நாவற்பழத்துக் கயர்” என்றார். இன்னொரு வாய். “பழம் பழுத்துத்தான் பறித்திருக்கிறார்கள்.” இருபது பக்கத்துப் பயிற்சிக் கையேட்டில் எனக்குக் கற்பித்ததை அவர் இரண்டு வாயில் முடித்துவிட்டார். நானும் சும்மா இருக்காமல், “இது தண்ணீரே கட்டாமல் விளைந்தது, அப்பா. கொடி கஷ்டப்பட்டால்தான் நன்றாக வருமாம்” என்றேன்.

அவர் பாராட்டவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கேள்வி கேட்கத் தொடங்கினார், காணி பார்க்க வந்தவர் மாதிரி.

“மழை எப்போது?”

வைகாசியிலிருந்து ஆவணி வரை, அது அங்கே குளிர்காலம் என்றேன். கொடி இலையில்லாமல் உறங்கும் காலம் அது; பழம் பறிப்பது தை, மாசியில், மழையே இல்லாத கோடையில்.

“எவ்வளவு மழை?”

நம்மை விடக் குறைவு. திருகோணமலைக்கு ஆண்டில் சுமார் 1,600 மில்லிமீற்றர், பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை. அங்கே பல இடங்களில் 500 ஐத் தொடுவதே அபூர்வம்.

“மண்?”

இதற்கு நான் கைபேசியை எடுக்க வேண்டியிருந்தது. பாறை சிதைந்து உண்டான மண், சில இடத்தில் களி கலந்தது, அடியில் வெடித்த கற்பலகை; வேர் அந்த வெடிப்புகளுக்குள் இறங்கிப் பல அடி ஆழம் போகும். படத்தைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“செடிக்குச் செடி எவ்வளவு இடைவெளி?”

ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம் போல என்றேன். நடுவில் புல்லும் இல்லை, கொத்தி விட்டிருந்தார்கள். அப்பா குவளையைக் கீழே வைத்தார்.

“அது எங்கே கஷ்டப்படுகிறது? மாரி மழை முழுவதையும் மண் குடித்து வைத்திருக்கிறது. அவ்வளவு இடம் விட்டால் ஒரு செடிக்கு நாலு செடியின் தண்ணீர். மேல்மண்ணைக் கொத்தினால் ஈரம் மேலே வராது, களை இல்லை என்றால் பங்குக்கு ஆள் இல்லை. கிணறு அதன் காலுக்குக் கீழேயே இருக்கிறது. கஷ்டப்பட்டது நம்முடைய வெங்காயம். அதற்கு ஒரு சாண் வேர். ஓட்டைப் பானை மாதிரி மணல். அது எங்கே போய்த் தண்ணீர் தேடும்?”

பிறகு, சித்தப்பா திரியாய்ப் பக்கத்தில் சித்திரை மழையோடு எள்ளு விதைத்துவிட்டு அறுவடைக்குத்தான் திரும்பிப் போவதைச் சொன்னார். அதுவும் மானாவாரிதான், ஆனால் எள்ளு வாடிக் கிடப்பதை யாரும் கண்டதில்லை. விதைக்கும்போதே கை அளந்து விதைக்கிறது. நெருக்கி விதைத்தால்தான் அது கஷ்டப்படும்.

எனக்கு அப்போது உறைத்தது, நான் ஏழு கடல் தாண்டி வந்த ஒரு வசனத்தை எவ்வளவு எளிதாக விழுங்கியிருக்கிறேன் என்று. அங்கே செய்யப்படுவது பட்டினி போடும் வேலை இல்லை. எத்தனை வாய்க்குச் சாப்பாடு இருக்கிறது என்று எண்ணிவிட்டு அத்தனை இலை போடும் வேலை. பயிர் தாகத்தால் சிறந்துவிடவில்லை; நட்டவன் ஆசையைக் குறைத்திருக்கிறான். அளவுக்கு மீறிய வறட்சி வந்தால் அந்தக் கொடியும் நம் வெங்காயம் போலத்தான்: இலை சுருளும், பழுக்காமலே பழம் வற்றும். கேப் டவுன் குழாய்கள் நின்றுபோகும் நாளை எண்ணிக்கொண்டிருந்த 2018இல், மூன்றாண்டு வறட்சியின் முடிவில், அந்தப் பக்கத்து விளைச்சல் நன்றாகவே அடிபட்டது. பெரியவர் அன்று என் மேசையில் உட்கார்ந்து ‘கஷ்டம்’ என்று சொன்னபோது அவருக்கு அது பகட்டு வார்த்தை இல்லாமலும் இருந்திருக்கலாம். அதைப் பகட்டாக்கியவன் நான்.

கிலோக் கணக்கா, போத்தல் கணக்கா

அப்பாவின் கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும் விடக் கூர்மையானது. “தோட்டக்காரனிடம் கிலோக் கணக்கில் வாங்குகிறார்களா, போத்தல் கணக்கில் வாங்குகிறார்களா?”

ஒரு போத்தலுக்கு ஒன்றேகால் கிலோ அளவில் பழம் வேண்டும். ஸ்வார்ட்லாண்டின் வயதான பந்தலில்லாத் தோட்டங்கள் பலவற்றில் ஒரு ஹெக்டேயருக்கு 3, 4 தொன்னுக்கு மேல் கிடைப்பதில்லை. ஆற்றுத் தண்ணீர் பாயும் கம்பித் தோட்டத்தில் 20 தொன்னும் அதற்கு மேலும் எடுக்கலாம். பல பத்தாண்டுகளாகத் தோட்டக்காரன் கூட்டுறவு ஆலையில் தராசில் வைத்துத்தான் காசு வாங்கினான். தராசுக்குப் பழத்தின் ருசி தெரியாது. அந்த ஆலைகளில் கிழக்கொடியின் பழமும் இளங்கொடியின் பழமும் ஒரே தொட்டியில் விழுந்து மலிவு வைனாகின. சின்சோ அப்படிக் கலக்கவே பயன்பட்டது. அதன் பிள்ளையான பினோட்டாஜுக்காவது பேரிருந்தது. ஆபிரகாம் பெரோல்ட் என்ற பேராசிரியர் 1925இல் ஸ்டெல்லன்போஷில் பினோ நுவார் கொடியையும் சின்சோக் கொடியையும் இனக்கலப்புச் செய்து உண்டாக்கியது அது. சின்சோவின் பெயரை லேபிளில் எழுதியவர் குறைவு. கட்டுப்படியாகாமல் பலர் கிழக்கொடிகளைப் பிடுங்கிவிட்டுக் கோதுமை விதைத்தார்கள். நிலைமை மாறத் தொடங்கியது இந்த நூற்றாண்டில்தான். 35 வயதைத் தாண்டிய தோட்டங்களைத் தேடிக் கணக்கெடுத்து, நட்ட ஆண்டோடு போத்தலில் முத்திரை ஒட்டும் ‘ஓல்ட் வைன் புரொஜெக்ட்’ 2016இல் உருவானது. அந்த முத்திரையின் நோக்கமே, தராசு காணாத ஒன்றுக்கு விலை வாங்கித் தருவது.

கஷ்டம் என்ற சொல்லுக்கு அந்த மண்ணில் வேறொரு உரிமையாளர் இருக்கிறார் என்பதையும் தேடியபோதுதான் அறிந்தேன். கேப் பகுதித் தோட்டங்களில் கூலியாட்களுக்குக் கூலியின் ஒரு பங்கை மலிவு வைனாகவே கொடுத்தார்கள், நாளில் பலமுறை, வேலை நேரத்திலேயே. ‘டொப்’ என்று பெயர். சட்டம் தடுத்த பிறகும் பல ஆண்டுகள் அது ஓயவில்லை. தலைமுறைகள் குடியில் அழிந்தன. குடித்த தாய்மார் வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்கும் அதன் பாதிப்பு இறங்கியது. கொடியின் கஷ்டத்தைப் பற்றி உருகுவதற்கு மேசையில் இடம் இருக்கிறது. குனிந்து கத்தரித்தவனின் முதுகைப் பற்றிச் சொல்ல எந்த லேபிளிலும் பொடி எழுத்துக்கூட இல்லை. பந்தலில்லாக் கொடியின் குலை முழங்கால் உயரத்தில் தொங்குவது. இயந்திரத்தால் பறிப்பது கடினம். கையால் பறிக்கும்போது ஒவ்வொரு குலைக்கும் ஒரு ஆள் குனிய வேண்டும். வெங்காயம் கிளறியவனுக்கு அந்தக் குனிவின் கணக்குத் தெரியும்.

இதை இப்படி எழுதும்போது, வைனைக் குறை சொல்கிறேன் என்று தோன்றக்கூடும். இல்லை. அந்தச் சின்சோ நான் குடித்தவற்றில் மிகவும் பிடித்துப்போன சிவப்பு. கடற்கரை வெக்கையில், சூடை மீன் பொரியலோடு, சற்றுக் குளிரவைத்துக் குடித்தால் அதற்கு இணையில்லை. அடர் கருஞ்சிவப்பாக இருந்தால்தான் உயர்ந்தது என்று நம்பும் விருந்தினர்கள் அதன் வெளிர் நிறத்தைப் பார்த்து முகம் சுளிப்பார்கள்; அவர்களுக்காக நான் வருந்துவதுண்டு. என் மனத்தாங்கல் அதன் மீது ஒட்டப்பட்ட கதையோடு மட்டும்தான். சிறுத்த பழம் ஒரு நாட்டில் மகுடம் சூடுகிறது, சிறுத்த வெங்காயம் இன்னொரு நாட்டில் ‘பொடி’ ஆகிறது. இரண்டும் ஒன்றில்லை என்று அப்பா நிரூபித்துவிட்டார்; ஆனாலும் அந்த ஆண்டுக் குழம்பின் வாசம் எனக்கு மறக்கவில்லை. யாராவது அதை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு விலை சொல்லியிருந்தால் என்று ஒரு நப்பாசை இன்னும் இருக்கிறது.

இப்போது மேசையில் நான் வேறுமாதிரிச் சொல்கிறேன். முழங்கையை மடக்குவதில்லை. ‘இந்தக் கொடிகளை அகல இடைவெளி விட்டு நட்டிருக்கிறார்கள், மாரி மழை கோடை வரைக்கும் போதுமானதாக இருக்கும்படி’ என்கிறேன். சுவையான வசனம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். சிலர் தலையாட்டிவிட்டு மீன் எப்போது வரும் என்று கேட்கிறார்கள். போன சீசனில் ஒரு பெண்மணி மட்டும், இடைவெளி எவ்வளவு என்று திருப்பிக் கேட்டார். கலிபோர்னியாவில் தோட்டம் வைத்திருப்பவராம். ஒரு ஆள் படுக்குமளவு என்றேன். “எந்த ஆள்?” என்று கேட்டுச் சிரித்தார்.

வெறும் போத்தலை அம்மா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். சித்தப்பா எள்ளு ஆட்டிக் கொண்டுவந்த நாளில் வீட்டில் வேறு போத்தல் இல்லை. நல்லெண்ணெயை அதில்தான் ஊற்றினார்கள். குசினியில் அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில் இப்போதும் நிற்கிறது. எண்ணெய் வழிந்து லேபிளின் மேற்பாதி மங்கிவிட்டது. ஊரின் பெயரும் கொடியின் பெயரும் போய்விட்டன. தண்ணீர் பாய்ச்சாமல் விளைந்தது என்ற அந்த அடிவரி மட்டும் வாசிக்கும்படி இருக்கிறது. சுரண்டி எடுக்கட்டுமா என்று அம்மா ஒருநாள் கேட்டார். வேண்டாம், சரியாகத்தான் எழுதியிருக்கிறது என்றேன்.